பழைய மிக் வெல்டிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டுக் கொட்டகையில் ஒரு ராடு மெஷினை, அதாவது வெல்டிங் குச்சியால் ஒட்டும் மெஷினை, வைத்துக்கொண்டு ஸ்டாண்டு, கேட், கன்றுக்குட்டிக் கூண்டு, சைக்கிள் டிரெய்லர் என்று சொந்த ஆசைக்குச் செய்து பழகியவர்கள், ஒரு கட்டத்தில் மிக் மெஷின் மேல் கண் வைப்பார்கள். பட்டறைகளில் இதையே சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) மெஷின் என்பார்கள். ராடுக்குப் பதில் மெல்லிய வயர் சுருளிலிருந்து தானாக வந்துகொண்டே இருக்கும். கூடவே வரும் கேஸ், உருகும் இடத்தைக் காற்று படாமல் காக்கும். புதியதன் விலையைக் கேட்டதும் பலரும் பழையதைத் தேடிக் கிளம்புகிறார்கள். பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை, அரூர் பக்கத்து நண்பர்கள் என்னிடம் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ராடு மெஷின் நன்றாகத்தானே ஓடுகிறது. மாறித்தான் ஆக வேண்டுமா?

நீங்கள் எந்தத் தடிமனில் வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆங்கிள், 5 மில்லி ஃபிளாட், மாட்டுக் கொட்டகைத் தூண் என்று கனமான சாமான்தான் என்றால் மாற வேண்டாம். வெட்டவெளியிலும், துருப்பிடித்த இரும்பிலும் ராடுதான் சௌகரியம்.

மிக் தன் அருமையைக் காட்டுவது மெல்லிய சாமானில். 16 கேஜ் ஸ்கொயர் பைப் என்பது சுமார் 1.6 மில்லி, 18 கேஜ் சுமார் 1.2 மில்லி. இதில் 2.5 மில்லி ராடு வைத்தால் கண் இமைப்பதற்குள் ஓட்டை விழும். பட்டுப்புழு மனைக்கு அடுக்குத் தாங்கி செய்கிறவர்களுக்கு இந்த அவஸ்தை நன்றாகவே தெரியும். ஒரே தாங்கியில் எத்தனையோ இணைப்பு, எல்லாம் மெல்லிய பைப். 0.8 மில்லி வயரில் 50, 60 ஆம்பியரிலேயே ஆர்க் (இரும்பை உருக்கும் மின்பொறி) நிதானமாக நிற்கும். ஒரு கை மட்டும் போதும் என்பதால் டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) வைக்கும்போது மறு கையால் பைப்பைப் பிடித்துக்கொள்ளலாம். வெல்டு மேல் படியும் ஸ்லாக் கசடைத் தட்டும் வேலையும் கிடையாது.

மாறினாலும் ராடு மெஷினை விற்றுவிடாதீர்கள். இரண்டுக்கும் வேலை இருக்கும்.

ஓசூர் கம்பெனியில் கழித்த 400 ஆம்பியர் மெஷின் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலானவர்களுக்கு என் பதில், வேண்டாம்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வண்டி உதிரிபாகம் செய்யும் கூடங்கள் நிறைய. அங்கே ஓடிய அடோர், எசாப், பானாசோனிக் போன்ற பெரிய மெஷின்கள் பழைய சாமான் கடைகளுக்கு வருவது உண்டு. கட்டுமானத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவை எந்த வேலைக்காகச் செய்யப்பட்டவை என்று பார்க்க வேண்டும். த்ரீ பேஸ் 415 வோல்ட்டில், 1.2 மில்லி வயரில், நாள் முழுக்கக் கனமான தகடு ஒட்டுவதற்கு. 1.2 வயர் ஒழுங்காக எரியவே 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும், உங்கள் 16 கேஜ் பைப் அதைத் தாங்காது. 0.8 வயர் போடலாமே என்றால் வயரைத் தள்ளும் ரோலர், வயர் போகும் உள்குழாயான லைனர், வயர் வெளிவரும் முனையான டிப் மூன்றையும் மாற்ற வேண்டும். அப்படி மாற்றினாலும் பெரிய மெஷின்கள் பல, தங்கள் அடிமட்ட அளவில் அவ்வளவு நயமாக எரிவதில்லை.

எடை இன்னொரு பிரச்சினை. டிரான்ஸ்ஃபார்மர் வகை என்றால் நூறு கிலோவைத் தாண்டுவது சாதாரணம், வயரைத் தள்ளும் ஃபீடர் பெட்டி தனியாக வேறு. ஒரு டெம்போ, இறக்க நான்கு ஆள், வைக்க சிமெண்டுத் தரை. பானாசோனிக் வகை சிலவற்றில் டார்ச் (கையில் பிடிக்கும் வெல்டிங் துப்பாக்கி) மாட்டும் வாயும் வேறு மாதிரி இருக்கும், கடையில் எளிதாகக் கிடைக்கும் யூரோ கனெக்டர் டார்ச் அதில் உட்காராது.

உங்கள் இடத்தில் முறையான த்ரீ பேஸ் தொழில் இணைப்பு இருந்து, டிராக்டர் டிரெய்லர் போன்ற கனமான வேலையும் செய்வீர்கள் என்றால் தாராளமாக எடுங்கள். ஆசைக்குச் செய்கிறவருக்கு 160 முதல் 200 ஆம்பியர் சிங்கிள் பேஸ் மெஷின்தான் பொருத்தம். ஓசூரில் கிடைக்காவிட்டால் பெங்களூரு எஸ்.பி. ரோடு, பீன்யா பக்கம் விசாரிக்கலாம். எங்கே எடுத்தாலும் பில் கேளுங்கள். நாளைக்குத் திருட்டுப் பொருள் என்று யாராவது வந்து நின்றால் கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

வீட்டு கரண்ட் தாங்குமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மிக்கில் வெல்டிங் வோல்ட்டேஜுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: ஆம்பியரை 0.05 ஆல் பெருக்கி 14 கூட்டினால் வருவது. 100 ஆம்பியருக்கு 19 வோல்ட், அதாவது வெளியே வருவது 1.9 கிலோவாட். மெஷினுக்குள் வீணாவதையும் பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்காகிறது என்ற விகிதம்) சேர்த்தால், பவர் ஃபேக்டர் திருத்தம் இல்லாத சாதாரண இன்வெர்ட்டர் மெஷின் (எலக்ட்ரானிக் போர்டில் ஓடும் இலேசான வகை) 230 வோல்ட்டில் 14 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் பாயிண்டுக்கு இது ஒட்டிய கணக்குதான், ஆனாலும் ஓடும். அதே மெஷினை 200 ஆம்பியரில் வைத்தால் 24 வோல்ட், 4.8 கிலோவாட். உள்ளே இழுப்பது 35 ஆம்பியர் பக்கம் போகும். சாதாரண வீட்டு வயரிங் இதற்கு ஆகாது. தனி எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் ஸ்விட்ச்), மீட்டரிலிருந்து தனி வயர், நல்ல எர்த் எல்லாம் வேண்டும். உங்கள் இணைப்பின் அனுமதி எத்தனை கிலோவாட் என்பதையும் முதலில் பாருங்கள்.

பலர் கவனிக்காத இடம், வீட்டிலிருந்து கொட்டகைக்குப் போகும் வயர். 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயர் இழுத்து 20 ஆம்பியர் ஓட்டினால், போகவரச் சேர்த்து 14 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 4 ஸ்கொயர் என்றால் ஐந்தரை வோல்ட்தான். கிராமத்தில் சாயங்காலம் ஏற்கெனவே 200 வோல்ட்டுக்குக் கீழே தொங்கும் லைனில் இந்த வித்தியாசம் பெரியது. மெஷின் மட்டம் என்று திட்டுகிறவர்கள் பலருக்கு உண்மையில் வயர்தான் மட்டம்.

தோட்டத்து பம்புசெட் லைனில் த்ரீ பேஸ் இருக்கிறதே?

அதைத் தொடாதீர்கள். இலவச மின்சாரம் பாசனத்துக்குத் தரப்பட்டது. ஒரு காரியத்துக்கு வாங்கிய இணைப்பை வேறு காரியத்துக்கு ஓட்டினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில், பொருந்தும் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள். வீட்டு இணைப்பில் கூலிக்கு வெல்டிங் செய்வதும் இதே வகையில் சிக்கும். நாலு பேருக்குக் காசு வாங்கிச் செய்யப் போகிறீர்கள் என்றால் மின்வாரிய அலுவலகத்தில் தொழில் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது கையில் என்ன எடுத்துப் போவது?

நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் சாமானிலேயே துண்டுகள்: 16 கேஜ் ஸ்கொயர் பைப்பில் நாலைந்து, 5 மில்லி ஃபிளாட்டில் இரண்டு. ஒரு மல்டிமீட்டர், புது 0.8 டிப் ஒன்று, டார்ச் லைட், சுத்தியல், ஹெல்மெட். முடிந்தால் ஒரு சின்ன ஸ்பூல் நல்ல வயர். விற்பவரிடம் இருக்கும் துருப்பிடித்த வயரில் சோதித்தால் கோளாறு மெஷினிலா வயரிலா என்று கடைசிவரை தெரியாது. கேஸ் இல்லாத இடத்தில் மெஷினைப் பார்க்கப் போகாதீர்கள். ‘கேஸ் தீர்ந்துபோச்சு, மற்றபடி சூப்பரா ஓடும்’ என்றால் கேஸ் வந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

மெஷினில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வயர் போகும் பாதையை. ஸ்பூலில் தொடங்கி டிப் முனை வரை வயர் எதையெல்லாம் தொட்டுப் போகிறதோ, அங்கேதான் பழைய மிக்கின் நோய்கள் இருக்கும். வெளிப் பெட்டி பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தால் மயங்க வேண்டாம், பக்கக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.

ரோலரைக் கழற்றிப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் 0.8, 1.0 என்று அளவு பொறித்திருக்கும். சாதாரண இரும்பு வயருக்கு பள்ளம் ‘வி’ வடிவில் கூர்மையாக இருக்க வேண்டும். தேய்ந்த ரோலரில் பள்ளத்தின் அடி உருண்டு பளிச்சென்று மின்னும், வயர் அதில் வழுக்கும். ஃபீடருக்கு அடியில் செம்பு நிறத்தில் பொடி கொட்டிக்கிடந்தால், வயரின் மேல்பூச்சை ரோலர் சுரண்டுகிறது என்று அர்த்தம். ரோலர் தேய்ந்ததால் யாரோ அழுத்தத்தை ஏற்றி ஏற்றி ஓட்டியிருப்பார்கள்.

அடுத்து ரோலரின் பிடியை விடுவித்துவிட்டு, டார்ச் முனையிலிருந்து வயரைக் கையால் இழுங்கள். டார்ச் கேபிள் நேராக இருக்கும்போது ஒருமுறை, ஒரு வளையம் சுற்றி வைத்து ஒருமுறை. இரண்டு தடவையும் சீராக வர வேண்டும். விட்டுவிட்டு வந்தாலோ வளைத்தபோது பிடித்துக்கொண்டாலோ லைனர் போய்விட்டது. லைனர் மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால் கேபிளே மடங்கி உள்ளே நசுங்கியிருந்தால் டார்ச்சையே மாற்ற வேண்டும், அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

மோட்டாருக்கு ஒரு சோதனை. பிடியை மறுபடி போட்டு, டார்ச் முனை எதிலும் படாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பீடு திருகைப் பாதியில் வைத்து ஆறு வினாடி டிரிக்கரை அழுத்துங்கள். வந்த வயரை அளந்து பத்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று தெரியும். அதே இடத்தில் மூன்று தடவை செய்யுங்கள். 50 சென்டிமீட்டர், 51, 50 என்று வந்தால் மோட்டாரும் ஸ்பீடு போர்டும் நலம். 50, 42, 55 என்று ஆடினால் மோட்டார் பிரஷ் தேய்ந்திருக்கலாம், போர்டில் கோளாறு இருக்கலாம், ரோலரும் வழுக்கலாம். எதுவானாலும் நாளைக்கு உங்கள் வெல்டும் அப்படியே ஆடும். 0.8 வயர் நிமிடத்துக்கு 5 மீட்டர் என்றால் ஏறக்குறைய 90, 100 ஆம்பியர், நம் வேலையில் பாதி அந்த அளவில்தான் நடக்கும்.

டிரிக்கரை அழுத்தும்போதே கேஸ் வால்வு ‘டிக்’ என்று திறக்கிறதா, விட்டதும் மூடுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். எர்த் கிளாம்ப், டார்ச் கனெக்டர், உள்ளே கேபிள் சேரும் இடம் இவற்றில் கருகல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியின் மேல்மூடியைத் திறப்பதென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுத்தான் திறக்க வேண்டும். இன்வெர்ட்டர் மெஷினில் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கியடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும், உள்ளே விரலை விடவே வேண்டாம். பார்வையில் மட்டும் பாருங்கள்: கிரைண்டிங் தூசி படிந்திருக்கிறதா, எலி வந்து போயிருக்கிறதா, போர்டில் ஏதாவது ஒரு மூலை மட்டும் புதிதாகச் சால்டர் அடித்து மின்னுகிறதா.

சரி, எல்லாம் ஒழுங்கு. வெல்டு அடித்து எப்படித் தீர்மானிப்பது?

காதில் கேளுங்கள், பிறகு உடைத்துப் பாருங்கள். வோல்ட்டும் வயர் வேகமும் பொருந்தியிருந்தால் ‘சர்ர்ர்’ என்று இடைவெளி இல்லாத ஒரே சத்தம் வரும். வயர் முனை தகட்டைத் தொட்டு உருகி அறுவது வினாடிக்குப் பல பத்து தடவை நடப்பதால் வரும் சத்தம் அது. ‘பட்... பட்... பட்’ என்று விட்டுவிட்டு வெடித்தால் முதலில் வோல்ட்டையும் வேகத்தையும் மாற்றிப் பாருங்கள், எர்த் கிளாம்பைச் சுத்தமான இடத்தில் மாட்டுங்கள், புது டிப்பைப் போடுங்கள். இவ்வளவுக்கும் அடங்கவில்லையென்றால் கோளாறு உள்ளே. டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் டயோடு ஒன்று போயிருந்தாலும் இப்படித்தான் வெடிக்கும்.

அடுத்தது உடைப்பது. இரண்டு 5 மில்லி ஃபிளாட்டை ‘டி’ வடிவில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் வெல்டு வைத்து, ஆறிய பின் வைஸில் பிடித்து, வெல்டு இருக்கும் பக்கமாகச் சாயும்படி சுத்தியலால் அடியுங்கள். வெல்டு கிழிந்து சொரசொரப்பாக உடைந்தால், அல்லது தகடே வளைந்தால், நன்றாகப் பிடித்திருக்கிறது. வெல்டு முழுசாக உரிந்து வந்து, கீழே தகடு வழுவழுவென்று தெரிந்தால் அது ஒட்டவே இல்லை. மிக்கில் இந்த ஆபத்து உண்டு. மேலே பார்க்க அழகான வரிசை, அடியில் பிடிப்பு இல்லை. உங்கள் கையின் குறையா மெஷினில் சூடு போதாததா என்று பிரித்துப் பார்க்க, அதே ஃபிளாட்டில் விற்பவரையும் ஒன்று அடிக்கச் சொல்லி அதையும் உடையுங்கள். பாலமோ ஊஞ்சலோ செய்யும் நாளில்தான் இது தெரியவரும் என்று விட்டுவிடக் கூடாது.

பழைய டிரான்ஸ்ஃபார்மரா, பழைய இன்வெர்ட்டரா?

டிரான்ஸ்ஃபார்மர் மெஷினை ஊர் மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். டயோடு, கான்டாக்டர், ஸ்விட்ச் எல்லாம் கடைச் சரக்கு. இன்வெர்ட்டர் இலேசு, கரண்ட் கம்மியாக இழுக்கும், சிங்கிள் பேஸில் ஓடும். ஆனால் போர்டு போனால் பெயர் தெரியாத கம்பெனி மெஷினுக்கு மாற்றுப் போர்டு கிடைக்காமல் மொத்தமும் பழைய இரும்புக்குப் போகும். அதனால் இன்வெர்ட்டர் எடுத்தால், இன்றைக்கும் சர்வீஸும் உதிரிபாகமும் இருக்கும் கம்பெனியுடையதாகவே எடுங்கள். மாடல் எண்ணைச் சொல்லி சர்வீஸ் ஆளிடம் ஒரு போன் போட்டாலே விஷயம் தெரிந்துவிடும். புதிய விலையில் பாதிக்கு மேல் போகிற பழைய இன்வெர்ட்டரை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அந்த விலைக்கு வாரண்டியோடு சின்னதாகப் புதியதே நல்லது.

மெஷின் மேல் ஒட்டிய பிளேட்டில் 35 சதவீதம், 60 சதவீதம் என்று போட்டிருக்கிறதே?

பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து எரிக்கலாம் என்ற கணக்கு. 200 ஆம்பியர் 35 சதவீதம் என்றால், 200இல் மூன்றரை நிமிடம் எரித்துவிட்டு ஆறரை நிமிடம் ஆற விட வேண்டும். ஆம்பியர் குறைந்தால் நேரம் வேகமாகக் கூடும், அதே மெஷினை 100 ஆம்பியரில் கிட்டத்தட்ட நிறுத்தாமலே ஓட்டலாம். இந்த அளவு 40 டிகிரி வெப்பத்தில் சோதித்துச் சொல்லப்படுவது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அதையும் தாண்டும், அதனால் கோடையில் கொஞ்சம் இறக்கியே கணக்கு வையுங்கள். ஃபேன் சுற்றாத மெஷினை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

கேஸா, கேஸ் இல்லாத வயரா?

கொட்டகைக்குள்ளேயே வேலை என்றால் கேஸ். வெல்டு சுத்தமாக வரும், இஆர்70எஸ்-6 என்ற சாதா இரும்பு வயர் சுலபமாகக் கிடைக்கும், செலவும் கட்டுப்படும். ஒரு கிலோ சிஓடூ வாயுவாக விரிந்தால் 500 லிட்டருக்கு மேல். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் ஒரு கிலோவுக்கு 50 நிமிடத்துக்குக் குறையாமல் ஆர்க் எரியும். சின்ன 5 கிலோ சிலிண்டரே வார இறுதி வேலைக்குப் பல வாரம் வரும். உள்ளே திரவமாக இருப்பதால் பிரஷர் மீட்டரைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். மெஷினோடு சிலிண்டரும் வருகிறது என்றால் கழுத்தில் பொறித்த சோதனைத் தேதியைப் பாருங்கள். கெடு தாண்டியதை நிரப்பித் தர மாட்டார்கள். தீயணைப்பு சிலிண்டரை மாட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதற்குள் அடிவரை போகும் குழாய் இருக்கும், வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்கு ஏறும்.

வெளியில் வேலை என்றால் கதை வேறு. ஆடிக் காற்றில் கேஸ் நிற்காது. முகத்தில் இதமாகப் படும் காற்றே கேஸைக் கலைத்துவிடும், வெல்டு முழுக்கப் புழு அரித்தது போல ஓட்டை ஓட்டையாக வரும். அங்கே கேஸ் இல்லாமல் எரியும், உள்ளே ஃபிளக்ஸ் பொடி அடைத்த வயர், இ71டி-11 வகை, கைகொடுக்கும். புகையும் தெறிப்பும் அதிகம், ஸ்லாக் தட்ட வேண்டும், கிலோ விலையும் கூட. முக்கியமாக, இந்த வயருக்கு டார்ச் நெகடிவ்வில் இருக்க வேண்டும், கேஸோடு ஓடும் சாதா வயருக்குப் பாசிடிவ்வில். மெஷினுக்குள் இதை மாற்றிப் போட வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

அலுமினியம் ஒட்ட முடியுமா?

முடியும் என்று விற்பவர் சொல்வார். ஆர்கான் கேஸ், டெஃப்லான் லைனர், ‘யு’ வடிவ ரோலர், மென்மையான வயரைச் சிக்காமல் தள்ளும் நல்ல ஃபீடர் எல்லாம் வேண்டும். பழைய மெஷினில் அதை நம்பிக் காசு கூடக் கொடுக்க வேண்டாம்.

ஜிஐ (துத்தநாகப் பூச்சிட்ட) பைப்?

ஓசூர் பக்கம் ரோஜாக் குடில்களில் கழித்த ஜிஐ பைப் சல்லிசாகக் கிடைத்தால் எல்லோருக்கும் ஆசை வரும். வெல்டு வரும் இடத்தில் இரண்டு பக்கமும் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில், புகைக்கு எதிர்ப்பக்கம் நின்று செய்யுங்கள். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் அன்றைக்கு ராத்திரியே குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பதை நம்பாதீர்கள்.

வாங்கி வந்ததும் முதலில் என்ன செய்வது?

லைனர், டிப், ரோலர் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். மொத்த விலையில் இது சின்னத் தொகை, பாதித் தொல்லை இதிலேயே போய்விடும். உள்ளே காய்ந்த காற்றைக் குறைந்த அழுத்தத்தில் அடித்துத் தூசியை எடுங்கள். 15 கிலோ ஸ்பூல் மலிவு என்று வாங்க வேண்டாம். 0.8 வயரில் அது மூவாயிரத்து எழுநூறு மீட்டருக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத் தீரவே தீராது, அடுத்த ஐப்பசி மழைக்குள் துருப்பிடித்து புது லைனரையும் கெடுக்கும். 5 கிலோ ஸ்பூல் போதும். வேலை முடிந்ததும் ஸ்பூலைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், ரோலரின் பிடியையும் தளர்த்திவிடுங்கள்.